ஏழாவது துண்டு

கண் தெளிவு.
செவுள், இப்போதுதான் வெட்டிய பீட்ரூட்.
அழுத்தினால் சதை மேலெழும்பி
என் விரலை மரியாதையாகத் திருப்பி அனுப்புகிறது.
மூக்கை வைத்தேன்: கடல், இரும்பு, கொஞ்சம் டீசல்.
படிவத்தின் நான்கு கட்டத்திலும்
'மிக நன்று' என்று போட்டேன்.

சூரை மீன் பொய் சொல்லாது.
கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாது, அவ்வளவுதான்.

சீனன்குடாவில் காலை இறக்கிய மீன்.
பதினாறு நாள் வெளியே கிடந்த படகு, பெயர் நிரோஜினி.
குணநாயகத்தின் மூத்த மகள் பெயர்.
நீல எழுத்தில் 'ஜி'யின் கொக்கி மட்டும்
உப்பில் உரிந்து 'ஜ' ஆகிவிட்டது.

முந்நூற்றுச் சொச்சம் மீனில் ஒன்பது.
மீனுக்கு ஒரு துண்டு, துண்டுக்குப் பத்துக் கிராம்.
அரைத்து, வடித்து,
குழி குழியான தட்டில் சொட்டுச் சொட்டாய் விட்டுக்
காத்திருக்கும்போது
கச்சான் காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுப்புகிறது.

மீன் சாகும்போது ஒன்றும் நடப்பதில்லை.
செத்தபின்தான்
செவுளிலும் குடலிலும் சும்மா குடியிருந்தவை
சதைக்குள் வேலைக்குப் போகின்றன.
குளிர் இல்லாத சில மணி நேரம் போதும்.
மணம் கிடையாது, நிறம் கிடையாது.
பிறகு மலையளவு ஐஸ் கொட்டினாலும்
தகரப்பேணியில் அடைத்து அவித்தாலும்
கொறுக்காய்ப்புளி போட்டுச் சட்டியில் சுண்டவிட்டாலும்
வந்தது போகாது.
உண்டவர் கழுத்தில் சிவப்பாய் ஏறும்.
ஹிஸ்டமின் என்று நாங்கள் எழுதுவோம்.
ஆஸ்பத்திரியில் 'ஒவ்வாமை' என்று எழுதி
வெள்ளைக் குளிசை கொடுப்பார்கள்.

இந்தச் சோதனையில் நிறம் கூடினால் நல்லது.
எட்டுக் குழியில் நல்ல மஞ்சள்.
ஏழாவது மட்டும்
கழுவின அரிசித் தண்ணீர் போல் வெளிறிக் கிடந்தது.

இருநூற்றுப் பதினான்கு.
மறுபடி செய்தேன்.
இருநூற்றுப் பதினொன்று.

சராசரி ஐம்பத்து மூன்று, நல்ல எண்தான்.
ஆனால் சராசரியை யாரும் சோற்றோடு பிசைவதில்லை.
யாரோ ஒருவர் ஏழாவதைத்தான் பிசைவார்.

வெளியே, கவிழ்த்த மீன்பெட்டியில் இருந்தார்.
ஐஸ் வாங்கிய பற்றுச்சீட்டுகளை
நான் கேட்குமுன்பே விசிறி போல் விரித்தார்.
எல்லாம் சரி. திகதி சரி, கட்டி எண்ணிக்கை சரி.
"அந்த ஒண்டை மட்டும் எடுத்துப்போட்டால்?"
"ஒன்பதில் ஒன்று ஐயா. மிச்ச முந்நூறைப் பற்றி
எனக்கு ஒன்றும் தெரியாது."

கன நேரம் பேசவில்லை.
பிறகு, யாரிடமோ சொல்வதுபோல்:
"ஒன்பதாம் நாள் ராத்திரி வின்ச் நிண்டுபோச்சு.
பாதிக் கயிறு தண்ணிக்குள்ள.
விடிஞ்சாப்பிறகு கையாலதான் இழுத்தம்.
கனக்க உசிரோட வந்தது. சிலது இல்லை."
நிமிர்ந்து பார்த்தார்.
"கடலுக்குள்ள கிடந்த மீன்
என்னெண்டு பிள்ளை பழுதாகும்?"

இருபத்தொன்பது பாகை, உங்கள் கடல்.
என் ஆய்வின் மூன்றாம் அத்தியாயத்தில்
வரைபடமாய் இருக்கிறது, கோடு கோடாய்.
அதை அவரிடம் சொல்லும் வசனம் என்னிடம் இல்லை.
"கடல் ஐஸ் இல்லையே ஐயா" என்றேன்.
அதற்குச் சிரித்தார்.
சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

உள்ளே போய்
சிவப்புப் பேனையைத் தேட வெகு நேரம் பிடித்தது.
அது என் கையில்தான் இருந்தது.

கையெழுத்திட்ட தாளோடு
இன்னொன்றும் கொண்டு வந்தேன்:
பெருவிரலளவு மணிக்கூடு.
தூண்டில் நரம்பில் கட்டினால்
மீன் இழுத்த நிமிடத்தில் ஓடத் தொடங்கும்.
செத்து எத்தனை மணி என்று சொல்லாது.
மாட்டி எத்தனை மணி என்று சொல்லும்.
ஆய்வுக்கென இருபது வந்தது.
பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே பத்து எழுதினேன்.

தாளை நாலாய் மடித்தார்.
மணிக்கூடுகளைச் சாரத்து மடியில் கட்டினார்.
ஒன்றை மட்டும் காதில் வைத்துப் பார்த்தார்.

இன்னும் ஓடவில்லை.